புத்தகத்தில் இல்லாத விடுதிக்காரன்

பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜின் மேனேஜர் தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்கிற ரகம். ஒரு ராத்திரி தங்க வருகிறவன் பெரிய பெட்டியோடு வந்தால் உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று பார்ப்பார். வெறுங்கையோடு வந்தால் பெட்டியை எங்கே ஒளித்தான் என்று யோசிப்பார். லாட்ஜில் வேலை செய்கிறவர்கள் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை முதலில் வைத்தது யார் என்பதையும் அவர் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வீட்டிலும் அதே கதைதான். பாலை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். மனைவி கொஞ்சம் சிரித்துப் பேசினால் ஏதோ செலவு வரப்போகிறது என்று முகத்தை இறுக்கிக்கொள்வார். அந்த அம்மாவும் பழகிப்போய், சிரிப்பதைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு சர்ச்சில் ஒரு வேடம் நிரந்தரம். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாடகத்திலும் யோசேப்பும் மரியாளும் தங்க இடம் கேட்டு வந்து கதவைத் தட்டுவார்கள். கதவைத் திறந்து, இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "இடமில்லை" என்று சொல்லும் விடுதிக்காரன் இவர்தான். அந்த ஒரு சொல்லுக்காக ஒத்திகையே வேண்டியதில்லை. பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும்படி சொல்வார்.

இந்த வருஷம் அது அவருக்குக் கசந்தது. காரணம் அவர் தங்கை. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனவள், பல வருஷம் கழித்து இங்கேயே குடிவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடியும் முன்பே எழுந்து போய்விடுவாள். மனைவி ஒருநாள் மார்க்கெட்டில் அவளைப் பிடித்துப் பேசிவிட்டு வந்து சொன்னாள். கல்யாணமான அன்று சாயங்காலம் அவர்கள் நேரே அண்ணனைத் தேடி லாட்ஜுக்குத்தான் வந்தார்களாம். இடமில்லாமல் போய்விட்டதாம்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி யாரும் வரவில்லை. வந்திருந்தால் கோபத்தில் நாலு வார்த்தை திட்டியிருப்பார், உண்மைதான். ஆனால் கூடப் பிறந்தவளைத் தெருவில் நிறுத்தியிருக்க மாட்டார். அப்பா அம்மா போன பிறகு அவருக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவள் மறுபடி வீட்டு வாசற்படி மிதிக்க வேண்டும் என்றால், அந்த 'இடமில்லை'யைச் சொன்னது யார் என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினார். முதலில் வாட்ச்மேன். அந்த ஆள் சத்தியம் செய்தார். சத்தியம் செய்தது சந்தேகத்தைக் கூட்டியது. பிறகு மனைவி. நாத்தனாரைப் பிடிக்காமல் விரட்டியிருப்பாளோ என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அந்த அம்மா அன்று சாப்பாட்டில் உப்புப் போடவில்லை. கடைசியில் பழி தங்கை புருஷன்மேல் போய் நின்றது. தனியாகக் கவுண்டருக்குப் போவதுபோல் போய்விட்டு, உன் அண்ணன் விரட்டிவிட்டான் என்று அவன்தான் கதை கட்டியிருக்க வேண்டும். யோசிக்க யோசிக்கப் பொருந்தி வந்தது.

இந்த எரிச்சலோடு ஒத்திகைக்குப் போனவர், நாடகம் நடத்தும் டீச்சரிடம் ஒரு கேள்வி போட்டார். இந்த விடுதிக்காரன் வேதத்தில் எங்கே இருக்கிறான்? டீச்சர் புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். மேனேஜர் விரல் வைத்து, முன்னும் பின்னும் இரண்டு தடவை படித்தார். தங்க இடம் கிடைக்கவில்லை என்று இருந்தது. மரியாள் பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் என்று இருந்தது. கதவைத் திறந்தவனும் இல்லை, மூடியவனும் இல்லை.

விடுதிக்காரன் மட்டுமல்ல என்றார் டீச்சர். மரியாள் ஏறிவந்த கழுதையும் அதில் இல்லை. பிள்ளையைப் பார்க்கக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் ராஜாக்கள் என்றும் இல்லை, மூன்று பேர் என்றும் இல்லை. காணிக்கை மூன்று வகை என்பதால் ஆளுக்கொன்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் இருபத்தைந்து என்ற தேதிகூடக் கிடையாது.

"அப்ப இதெல்லாம் எங்கிருந்துதான் வந்துச்சு?"

"சொல்லிச் சொல்லியே வந்துருச்சு சார். இடமில்லைன்னா, அதை ஒருத்தர் சொல்லியிருக்கணும்னு ஜனங்க நினைச்சுக்கிட்டாங்க."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! சாட்சி இல்லை, விசாரணை இல்லை, பெயர்கூட இல்லாத ஒரு மனுஷனை இத்தனை காலமாகத் திட்டித் தீர்க்கிறார்கள். தன் வழக்கும் இதேதான் என்று தோன்றியது. புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தது அவள் புருஷன். மேனேஜர் பழக்கதோஷத்தில் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். தங்கை டீயோடு வந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது. அதைப் பார்த்தும் அவர் வக்கீல்போலத்தான் ஆரம்பித்தார். விடுதிக்காரன் என்று ஒருவன் கிடையாது என்று பக்கத்தைக் காட்டினார். அதேபோல நானும் சொல்லவில்லை, சொன்னதாக உனக்குச் சொன்னது யார் என்று கேட்டு, கடைக்கண்ணால் அவள் புருஷனைப் பார்த்தார்.

"நீ சொன்னேன்னு நான் எப்பண்ணா சொன்னேன்?" என்றாள் தங்கை. "நீ சொல்லவே இல்லை. நாங்கதான் கேட்கவே இல்லை."

அவள் நிதானமாகச் சொன்னாள். அன்று கவுண்டருக்கு முன்னால் இன்னொரு ஜோடி நின்றுகொண்டிருந்தது. அவர்களும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அந்தப் பெண்ணிடம் அண்ணன் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆனதற்கு என்ன அத்தாட்சி, வீட்டுக்குத் தெரியுமா, பெட்டி ஏன் இவ்வளவு சின்னது.

"அந்தப் பொண்ணு அழ ஆரம்பிச்சுட்டா. நீ அதுக்கப்புறமும் கேட்டுக்கிட்டே இருந்தே. நான் தூணுக்குப் பக்கத்துல நின்னு பார்த்தேன். இவர் போய்க் கேட்கலாம்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் கால் வரலை."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, கண்ணு."

"குடுத்திருப்பே. ஆனா என்னையும் அப்படிக் கேட்டிருப்பே."

அழுத அந்தப் பெண் யார் என்று மேனேஜர் நினைவைத் துழாவினார். ஒரு முகமும் பிடிபடவில்லை. அழுதவர்கள் ஒருவர் இருவரா, எதை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பது? வெட்கமாக இருந்தது. தன்னைப் பற்றி அப்படி ஒரு எண்ணம் அவருக்கு அதுவரை வந்ததே இல்லை. டீ ஆடை கட்டி ஆறிப்போனது. முகராமலே ஒரே மடக்கில் குடித்தார்.

"பண்டிகைக்கு வீட்டுக்கு வருவியா?"

தங்கை புருஷனைப் பார்த்தாள். "வர்றோம்ணா. இவரை மட்டும் எதுவும் கேட்காதே."

மேனேஜர் அவன் பக்கம் திரும்பினார். என்ன வேலை, என்ன வருமானம், இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள், இந்த ஊருக்கு ஏன் திரும்பி வந்தீர்கள், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

"குடும்பத்தோட வந்துருங்க, மாப்பிள்ளை" என்றார்.

முதல் தடவையாக அந்த உறவைச் சொல்லி அழைத்திருந்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.