சாமி கும்பிடாதவள் மடியில் என் பை

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஊரப்பாக்கத்தில் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு டப்பா. டப்பாவுக்குள், அம்மாவின் மார்பிலிருந்து அறுத்தெடுத்த கட்டி. பரிசோதனைக்காகக் கிண்டியில் ஒரு லேபில் கொடுக்க வேண்டும். "சாயாம எடுத்துட்டுப் போங்க. இன்னொரு தடவை எடுக்க முடியாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பெட்டியில் தினமும் வருகிற பெண்கள் அம்மன் பாட்டுப் பாடி, குங்குமமும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் நீலச் சீருடைப் புடவையில் ஒருத்தி. குங்குமத்தைத் தள்ளிவிட்டு, "சாமி கீமிலாம் எனக்குக் கெடையாதுக்கா. பொங்கல் மட்டும் குடு" என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. சாமிக்கே பயப்படாதவள் வேறு எதற்குப் பயப்படுவாள்?

வண்டலூரில் ஏறிய கூட்டம் என்னை நசுக்கியது. உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் ரயிலில் வழக்கம். அவள்தான் கை நீட்டினாள். "பைய குடுக்கா."

வேறு வழியில்லை. "சாயக் கூடாதுங்க" என்று கொடுத்துவிட்டு அவள் மடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் விரல் அசைந்தால்கூட உள்ளே துழாவுகிறாளோ என்று தோன்றியது.

தாம்பரத்தில் இறங்கிய கூட்டம் என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது. திரும்ப ஏறுவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. பை அவள் மடியிலேயே போய்விட்டது. உள்ளே ஒன்றும் தேறாது என்று தெரிந்ததும் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுவாள் என்றே நினைத்தேன். அடுத்த ரயிலில் ஏறி, வாசலோரம் நின்று அவளைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

அடுத்த நிறுத்தமான சானடோரியத்தில், பிளாட்பார பெஞ்சில் அவள்! பையை மடியில் நிமிர்த்தி வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கி ஓடிப்போய்க் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"பையில இன்னா கீது, சொல்லு."

"என் பைதாங்க. அம்மன் சத்தியமா!"

"சத்தியம்லாம் வேணாம். உள்ள இன்னா கீது?"

சொன்னேன். டப்பா, அம்மாவின் கட்டி, கிண்டி லேப், எல்லாவற்றையும். அவள் பையைத் திறந்து ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என் கையைப் பைக்கு அடியில் வைத்து, மெதுவாகக் கொடுத்தாள்.

வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அடுத்த ரயில் வருகிறதா என எட்டி எட்டிப் பார்த்தவளிடம் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சாமியே இல்லேன்னீங்க. அப்புறம் எதுக்கு எனக்காக இறங்கி உட்கார்ந்தீங்க?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இப்போது சந்தேகப்படுவது அவள் முறையாகிவிட்டது.

"சாமி இல்லாங்காட்டி பைய தூக்கினு ஓடிருவாங்களா? இன்னாக்கா, நீ அப்படியா?"

கட்டியில் ஆபத்தில்லை என்று முடிவு வந்தது. வேண்டிக்கொண்டபடி அம்மனுக்குக் கூழ் ஊற்றினேன். ஆனால் மேலிருந்து யாரும் பார்க்கவில்லை என்றால், முன்பின் தெரியாத ஒருத்தியின் பைக்காக நான் வேலைக்கு நேரமாவதைப் பார்க்காமல் இறங்கியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டால், "ஆமாம்" என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.