பதினைந்து நாள் பொறுக்காத லீக்

1. சேற்றில் ஒரு வீடியோ கால்

ரக்பி லீக் கம்பெனியில் சேர்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கொல்லிமலையில், செம்மேட்டிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு நெல் வயலின் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். கையில் அளவு டேப். காலில் புது ஷூ, நிறம் தெரியாத அளவுக்குச் சேறு. வீடியோ காலில் என் மேலதிகாரி விக்ரம்.

"சூப்பர் டா! எவ்ளோ கிரீன்! நேச்சுரல் டர்ஃப்னா இதான். கோல் போஸ்ட் எங்க வரும்?"

"சார், இது நெல்லு."

"என்னது?"

"நெல்லு சார். அரிசி வருமே, அது."

திரையில் அவர் முகம் அசையவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "பிரசன்டேஷன்ல நேச்சுரல் டர்ஃப்னு போட்டாச்சேடா. ஸ்பான்சர் பாத்துட்டாரு."

அந்தப் பிரசன்டேஷனைச் செய்தவன், இயற்கைப் புல்தரை என்று அதில் எழுதியவன் நான்தான். பெரிய நகரங்களில் ஓடிக்கொண்டிருந்த லீக்கைப் புது ஊர்களுக்குக் கொண்டுபோகிறார்கள். அதில் சேலம் ஒன்று. என் பதவி எக்ஸ்பான்ஷன் எக்ஸிக்யூட்டிவ். பெயர்தான் பெரிது. ஏசி அறையில் உட்கார்ந்து மேப்பில் வட்டம் போடுவதுதான் வேலை. சேலம் அணியின் முதல் கேம்ப்பைக் குளுகுளுவென்று மலையில் நடத்தலாம் என்று யாரோ சொல்ல, சாட்டிலைட் படத்தில் நீளமான பச்சைச் செவ்வகம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதன் ஓரமாக ஒரு கோடு ஓடியது. மைதானத்தின் பக்க எல்லையான டச் லைன் என்று நினைத்தேன். அது வரப்பு.

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட்டில் முதுகலை முடித்தவன் நான். பிராண்ட் வேல்யூ, ஃபேன் எங்கேஜ்மென்ட் என்று இரண்டு வருடம் படித்தோம். வரப்பு சிலபஸில் இல்லை. மீட்டிங்கில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட "இது என்ன இடம், யாராவது போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்கவில்லை. ஸ்லைடின் ஓரத்தில் லோகோ கோணலாக இருக்கிறது என்பதை மட்டும் மூன்று பேர் கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவு எரிச்சல் ஏன் என்றால், எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியம். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஆறு முறை பிடிபடுவதற்குள் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஒளிந்துகொள்ள இடமே இல்லாத ஆட்டம். அதை நடத்துகிறவர்களுக்குத்தான் ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம்.

2. ராமாயி கேட்ட பதினைந்து நாள்

வீடியோ கால் முடிவதற்குள் வயலுக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். பெயர் ராமாயி. இடுப்பில் கை வைத்து என் டேப்பைப் பார்த்தார்.

"ஏனுங்க சாமி, ரோடு எதும் வருதுங்களா?"

"இல்லீங்க. இங்க ஒரு வெளையாட்டு கேம்ப் நடத்தலாம்னு..."

"நெல்லு மேலயா?"

"தெரியாம மார்க் பண்ணிட்டோங்க."

"மாடுகூட இது நெல்லுன்னு தெரிஞ்சுதான் சாமி உள்ள எறங்குது!"

நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அதற்குள் பின்னால் நின்றிருந்த அவர் மகன் என் டி-ஷர்ட்டில் இருந்த லீக் முத்திரையைப் பார்த்துவிட்டான். பெயர் சதீஷ், வயது இருபத்திரண்டு. அன்னாசியும் மிளகும் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு மினி லாரி ஓட்டுகிறான். கல்லூரியில் ரக்பி ஆடியிருக்கிறான். போன சீசனில் எந்த டீம் எங்கே தோற்றது என்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாத விவரமெல்லாம் சொன்னான்.

அன்று சாயங்காலம் பள்ளி மைதானத்தில் அவன் ஆடுவதைப் பார்த்தேன். ஓடி வந்தவனை இடுப்புக்குக் கீழே தோள் கொடுத்துப் பிடித்தான். வந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிடித்த கையாலேயே சதீஷ் அவனைத் தூக்கியும் விட்டான். ஒவ்வொரு புது அணியும் உள்ளூர் ஆட்டக்காரர் இருவரை எடுக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. கேம்ப்பின் கடைசி நாள் அதற்கான ட்ரையல். கேம்ப் இங்கே நடந்தால் அவனுக்கு வாய்ப்பு உண்டு.

ராமாயி வழியும் சொன்னார். "தண்ணி வடிச்சாச்சுங்க. இன்னும் பதினஞ்சு நாள்ல அறுத்துருவோம். அப்புறம் அடுத்தடுத்து இருக்கற இந்த மூணு வயலும் கட்டாந்தரைதான். உருண்டு ஆடுங்க, பெரண்டு ஆடுங்க, யாரு வேண்டாங்கறா?"

ராமாயி சொன்னதையும் சதீஷின் ஆட்டத்தையும் விக்ரமிடம் சொன்னேன்.

"பதினஞ்சு நாளா? கேம்ப்லதான் ஜெர்சி லாஞ்ச், டேட் லாக் ஆயிருச்சுடா. பிரம்மாவே வந்தாலும் மாத்த முடியாது. இப்பவே வெட்டச் சொல்லு, ரோலர் விட்டுக்கலாம். அந்தப் பையனுக்கு ட்ரையல் வேணுமா வேணாமா? சிம்பிள்."

அதை அப்படியே அவர்களிடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வேலை புதிது, ஆசை பெரிது.

"பச்சையா அறுத்தா பாதி பதருதானுங்க," என்றார் ராமாயி. "வருசத்துச் சோறு சாமி இது." அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.  சதீஷ் கதிரைப் பார்த்தபடி நின்றான்.

3. லாக் ஆன தேதி

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனபோது சதீஷும் இரண்டு நண்பர்களும் அரிவாளோடு உள்ளே இருந்தார்கள். கீழ் வயல் முழுவதும் படுத்துக் கிடந்தது. ராமாயி வரப்பில் நின்றிருந்தார். கத்தவில்லை, அழவில்லை.

"சொல்லிப் பாத்தனுங்க, கேக்கல. வளந்த பையன், கட்டியா போட முடியும்?"

அப்போதுதான் போன் அதிர்ந்தது. ஆபீஸ் மெயில். ஜெர்சியை வெளியிட வேண்டிய நடிகருக்கு கால்ஷீட் இல்லையாம். லாஞ்ச் ஒரு மாதம் தள்ளிப் போகிறது, கேம்ப்பும் அப்படியே. 'கூடுதல் நேரம் கிடைத்ததைப் பாசிட்டிவாக எடுத்துக்கொள்வோம்' என்று முடித்து, பக்கத்தில் ஒரு சிரிக்கும் மூஞ்சியும் போட்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க சதீஷ்!" என்று கத்தினேன். அவன் நிமிர்ந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன நாளு தள்ளிப் போவுதுங்கண்ணா?"

"ஒரு மாசம்."

அவன் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. ராமாயி இறங்கி வந்து, அறுத்துப் போட்டதில் ஒரு கதிரை எடுத்து நகத்தால் நசுக்கினார். முற்றாத பால் வெள்ளையாகப் பிதுங்கியது.

"நாங்க பதினஞ்சு நாளு கேட்டோம், இல்லைன்னீங்க. அந்த நடிகரு கேக்கக்கூட இல்ல, முப்பது நாளு குடுத்துட்டீங்களே."

  அவர் மகன் கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டார். "மீதி ரெண்டையும் தொடாத."

நஷ்டத்துக்கு ஏதாவது செய்யலாமா என்று விக்ரமைக் கேட்டேன். "நாம சொல்லித்தான் வெட்டினாங்கன்னு எதாச்சும் ரெக்கார்ட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப விடு," என்றார். குரலில் உண்மையான நிம்மதி.

4. எழுதிக் கொடுத்தது

மாதம் முடிவதற்குள் மலை, கேம்ப், நேச்சுரல் டர்ஃப் எல்லாமே பிரசன்டேஷனிலிருந்து காணாமல் போயின. சேலத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் ட்ரையல் மட்டும் நடக்கும் என்றார்கள். சதீஷுக்குப் போன் செய்தேன்.

"தேதி மாறாதுங்களேண்ணா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ராமாயியின் குரல்: "எழுதிக் குடுக்கச் சொல்லு கண்ணு. வாயில சொன்னதுக்குத்தான் ஒரு வயலு போச்சே."

விக்ரமிடம் கேட்டேன். "டென்டட்டிவ்னு போட்டு அனுப்பு. எதையும் கமிட் பண்ணிக்காத. இன்னும் நீ கத்துக்கணும்டா." நான் கமிட் செய்துகொண்டேன். கம்பெனி லெட்டர்ஹெட்டில், 'இந்தத் தேதி மாறாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ட்ரையலுக்கு இரண்டு நாள் முன்பு மெயில் வந்தது. மைதானத்தில் கட்ட வேண்டிய பேனர் பிரின்ட் ஆகவில்லை, ஆகவே ஒரு வாரம் கழித்து. லெட்டரில் இருந்த கையெழுத்து என்னுடையது. நேராகச் சேலம் அணியின் கோச்சிடம் போனேன். பழைய ஆட்டக்காரர், பத்து நாளாகச் சேலத்து லாட்ஜில் சும்மா உட்கார வைக்கப்பட்டிருந்தார். பேனர் கதையையும் சதீஷைப் பற்றியும் சொன்னேன். பந்து இருக்கிறதா, பையன் வருவானா என்று மட்டும் கேட்டார்.

எழுதிக் கொடுத்த நாளிலேயே கோச் ட்ரையல் வைத்தார், சதீஷும் வந்தான். முதல் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ராசிபுரத்தில் பஸ் மாறி, எட்டரைக்கு மைதானத்தில் நின்றான். கல்லூரிப் பையன்கள் பன்னிரண்டு பேர். பேனர் இல்லை, கேமரா இல்லை. மூன்றாவது டேக்கிளில் கோச் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்தார். முடிந்ததும் பட்டியலில் சதீஷின் பெயரைத் தன் கையால் எழுதி எனக்கும் அவனுக்கும் காட்டினார்.

அடுத்த வாரம் என் வேலை போயிற்று. காரணம், புராசஸ் மீறல். பேனரும் அந்த வாரம்தான் வந்ததாம்.

சேலம் அணி இன்னும் தொடங்கவில்லை. லாஞ்ச் தேதி எத்தனை முறை மாறியது என்பது எனக்கே மறந்துவிட்டது. சதீஷ் ஜெர்சி இல்லாத அணியின் ஆட்டக்காரன். பட்டியலில் பெயர் இருக்கிறது, காலையில் ஓடுகிறான், பிறகு லாரி ஓட்டுகிறான்.

இந்தத் தொழிலுக்கு வரத் துடிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். புது ஊருக்கு ஆட்டத்தைக் கொண்டுபோவதாக நாம் பீற்றிக்கொள்கிறோம். அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு காலண்டர் இருக்கிறது. அதில் நாள் கேட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கேட்காமல் நுழைவதற்கு விரிவாக்கம் என்று பெயர் வைத்தது நம் ஆட்களின் திமிர். அதில் என் பங்கும் உண்டு.

போன வாரம் சதீஷுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ராமாயி. லீக்காரர்கள் மறுபடி மலைக்கு வரலாம் என்று பேச்சு அடிபடுகிறது என்றேன்.

"வரட்டுங்க. பையனுக்கும் ஆசைதான். மூணு வயல்லயும் நெல்லு நிக்குது. அறுப்பு என்னிக்குன்னு நான் சொல்றேன், அதுக்கு மறுநா வரச் சொல்லுங்க. அந்த நடிகருக்கும் சேத்துச் சொல்லிப்போடுங்க."