துண்டுக்குள் ஐந்து விரல்

மார்க்கையன்கோட்டை மாட்டுத் தரகர் செல்லப்பாண்டியின் புகழ், ஒரு காளை அவர் கால்மேல் ஏறி நின்ற நாளில் உச்சத்துக்குப் போனது.

சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். வெளியே தெரிவது இரண்டு மூஞ்சிகள் மட்டும். அன்று தேவாரத்து வியாபாரி ஆதித்தனோடு அவர் துண்டுக்குள் இருந்தபோது, காளை அவருடைய இடது பாதத்தில் முன்னங்காலை வைத்தது. காளையும் எடுக்கவில்லை, செல்லப்பாண்டியும் அசையவில்லை. ஆதித்தனுக்குத்தான் வியர்த்தது.

"மாடு ஏறி நின்னும் இறங்கி வராத மனுசன், இனி எங்கன இறங்கப் போறாக" என்று, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போனான்.

டீக்கடையில் சொல்லிச் சொல்லி அந்தக் காளை இரண்டு காளையானது.

மனைவி மூக்கம்மாள் மட்டும் அவருடைய கறுத்த நகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வலிச்சுச்சா?"

"தாங்கிக்கிட்டேன்."

"வலிச்சுச்சான்னு கேட்டேன்."

செல்லப்பாண்டி டிவி சத்தத்தைக் கூட்டினார். அவருக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சின்னமனூரில் சர்க்கரைக்காரர்களுக்குப் பாத முகாம் என்றதும் அவரை இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் சல்மா காலைத் தடவிப் பார்த்தாள்.

"தோலு பளபளன்னு இருக்கு. சில்லுன்னும் இருக்கு, முடியெல்லாம் கொட்டியிருக்கு. ரத்தம் சரியா வரலைய்யா."

"வயசாக வயசாக அழகு கூடுதும்மா."

"இந்தத் தோல்ல புண்ணு வந்தா லேசுல ஆறாது. அப்புறம் விரல எடுக்கணும்பாக."

கண்ணை மூடி, தொடுவது தெரிந்தால் "ஆமா" சொல்லச் சொல்லிவிட்டு, கைவளையல் குலுங்க நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள். தொடும்போதெல்லாம் செல்லப்பாண்டி "ஆமா" என்றார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மூக்கம்மாள் குறுக்கிட்டாள். "ஏ தாயி, அந்த வளையலக் கழட்டிட்டுத் தொடு."

வளையல் கழன்றது. சல்மா குதிகாலில் தொட்டாள், பெருவிரலில் தொட்டாள். செல்லப்பாண்டி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கலியா?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நர்ஸ் கையில் பலமில்லையாம். முகாமில் சொன்ன மெத்துச் செருப்பை மாட்டிக்கொண்டு போனால் சந்தையில் மரியாதை போய்விடுமாம். மூக்கம்மாள் அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, அவர் கால்மேல் போர்த்தி, கையை உள்ளே விட்டாள்.

"எந்த விரலப் பிடிச்சிருக்கேன், சொல்லுங்க."

அவர் அவளுடைய மூஞ்சியைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"பெருவிரல்."

"ம்ஹூம்."

"சுண்டுவிரல்."

அவள் துண்டை விலக்கினாள். ஐந்து விரல்களும் அவள் பிடிக்குள் இருந்தன, பிழிந்த துணி மாதிரி. செல்லப்பாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தச் செருப்பு எங்கன கிடைக்கும்?" என்று கேட்டார்.

அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்தையில் மாடுகளை விட்டுச் சற்றுத் தள்ளியே அவர் நின்றபோது, ஆதித்தன் நொண்டிக்கொண்டே சிரித்தபடி வந்தான்.

"அண்ணே, நேத்து கால்ல ஆணி ஏறிருச்சு. உங்கள மாதிரியே மூச்சுவிடல. எனக்கும் சர்க்கரைதான், ஆனாலும் தாங்கிட்டேன்ல?"

செல்லப்பாண்டி சுற்றுமுற்றும் பார்த்தார். இந்த ஒன்றைத் துண்டுக்குள் சொல்ல முடியாது.

"நான் தாங்கலடா. அன்னைக்குக் காளை ஏறுனதே எனக்குத் தெரியாது. நட, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஆதித்தன் ஆட்டோவில் ஏறி உட்காரும்வரை யோசித்தான்.

"அப்ப நான் கொடுத்த விலை?"

"அது படிஞ்சது படிஞ்சதுதான். காலத் தூக்கி மேல வையி."