என் மருமகள் கேட்டு வாங்கிய சாவி

இல்லை, அவளை யாரும் வேலையை விட்டுத் துரத்தவில்லை. முதலில் அந்தப் பொய்யை நிறுத்துங்கள். நேற்றுகூட மாடி வீட்டுக்காரி படிக்கட்டில் வழிமறித்து நின்றுகொண்டு, "என்ன பெரியம்மா, உங்க மருமக நூறு சட்டையை நாசம் பண்ணிட்டாளாமே, அதான் கம்பெனியில சீட்டைக் கிழிச்சுட்டாங்களாமே" என்று கேட்டாள். என்னைக் கேட்கிற சாக்கில் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் சேதி சொல்லியாயிற்று.

"யாரு சொன்னா?" என்றேன்.

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு வாய் உன் வீட்டு ஜன்னல்லதானே இருக்கு."

அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டாள். ஆனால் படியில் நின்று சொல்கிற பதில் அரை நிமிஷத்தில் கரைந்துவிடும். அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. என் மகள் எழுதுகிறாள். நடுவில் அவள் எதையாவது மெருகேற்றினால் எனக்குத் தெரிந்துவிடும். படித்துக் காட்டச் சொல்வேன்.

என் மருமகள் சட்டைக் கம்பெனியில் கை பொருத்துகிறவள். சட்டையில் காலர் வைப்பதும் கை பொருத்துவதும்தான் கஷ்டம் என்பார்கள். வளைவில் துணி சுருங்கவும் கூடாது, இழுபடவும் கூடாது. ஒன்பது வருஷம் செய்தாள். அவள் பொருத்திய கையைப் பிரித்து மறுபடி தைத்தார்கள் என்று ஒருநாள் பேச்சு இல்லை.

அவள் வரிசையில் முப்பது பெண்கள். முப்பது பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிவப்பு அட்டை, கயிறு கட்டி சூப்பர்வைசர் மேஜைப் பக்கத்து ஆணியில் தொங்கும். பாத்ரூம் போக வேண்டியவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். மாதக் கடைசியில் யார் அந்த அட்டையைக் குறைவாகத் தொட்டாளோ அவள் பெயர் கரும்பலகையில் ஏறும். என் மருமகள் பெயர் ஆறு மாதம் தொடர்ந்து ஏறியது. காலையில் அரை டம்ளர் தண்ணீர், மதியம் ஒரு வாய், அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுவாள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டுச் சிரிப்போம். "எக்ஸ்பிரஸ் வருது, கேட்டைத் திற" என்பான் என் மகன். அவன் லிப்ட் பழுது பார்க்கிறவன்; எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கதவு, கேட்டுதான்.

எங்களோடு சேர்ந்து பேத்தியும் சிரிப்பாள். ஆறு வயது. வாய் ஓயாததால் சில்வண்டு என்று கூப்பிடுகிறோம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே, "பாட்டி, ஸ்கூல் பாத்ரூம் நாறுது. கதவுல தாழ்ப்பாளும் இல்ல. நான் போக மாட்டேன்" என்றாள். அங்கே இரண்டு அறைகள். ஒன்றில் தாழ்ப்பாள் கிடையாது, இன்னொன்று எந்நேரமும் பூட்டு. கழுவுகிற ஆள் நின்று மாதக்கணக்காகிறது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கத்தியிருக்க வேண்டும். நான் சொன்னது, "போகாத கண்ணு. அம்மா மாதிரி அடக்கிக்கோ. நீ கெட்டிக்காரி." அதோடு விட்டேனா? அடக்கிக்கொண்டு வந்த ஒவ்வொரு நாளுக்கும் என் துணி அலமாரிக் கதவின் உட்பக்கம் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். கோடு விழும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பூரிப்பு. இதை நான் மறைக்கப் போவதில்லை. அடுத்தவள் வாயை அடக்க வந்தவள் தன் தப்பையும் சொல்லத்தான் வேண்டும்.

எட்டு மாதத்தில் பிள்ளைக்கு நாலு முறை காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, உடம்பு மட்டும் அடுப்பாய்க் கொதிக்கும். மருந்துக்கடையில் சொல்லி ஒரு சிரப் வாங்குவோம். இரண்டு நாளில் தணியும், பாட்டிலை மூடி வைத்துவிடுவோம். நடுவில் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது ஜட்டி ஈரம். படுக்கையும் நனைய ஆரம்பித்தது. மாடி வீட்டுக்காரி எங்கள் கொடியைப் பார்த்து, "தினமும் மெத்தை காயுதே, யாரு, பேத்தியா பாட்டியா?" என்று கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது. அன்றிலிருந்து நாலு மணிக்கு மேல் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினேன். அதுவும் நான்தான்.

ஐந்தாவது காய்ச்சலில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு வாந்தி எடுத்தாள். மருமகள் சிரப்பைத் தொடவில்லை. "இது வேற எதோ அத்தை" என்று ஒரே வார்த்தை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

சிறுநீர் பிடித்துத் தரச் சொல்லி நர்ஸ் ஒரு சின்ன பாட்டில் கொடுத்தாள். எனக்கு அது தூசியாகத் தெரிந்தது. குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவி, முந்தானையால் துடைத்து, பளபளவென்று ஆக்கி, அதில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "பாட்டிம்மா, இப்ப டெஸ்ட் பண்ணா உங்க முந்தானைக்குத்தான் மருந்து எழுதணும்." வேறு பாட்டில் வந்தது. அதை மருமகள் என் கையில் கொடுக்கவே இல்லை.

கிருமி இருப்பது உறுதியானது. குழந்தைகளுக்கென்றே இருக்கிற கிட்னி டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா அதட்டாமல் பேசினார். "பாப்பா, ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

"நான் ஸ்கூல்ல போறதே இல்லையே" என்றாள் சில்வண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு. "எண்பத்து மூணு நாள் போகல. பாட்டி கோடு போட்டிருக்காங்க."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காய்ச்சல் அடங்கிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு நாள் மெல்லிய குழாய் வைத்து மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். பிள்ளை அலறினாள். மருமகள் அவள் தலைமாட்டில் குனிந்து, "அம்மா முகத்தைப் பாரு, வேற எங்கயும் பாக்காத" என்று கடைசிவரை நின்றாள். நான் வெளியே வராண்டாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டரம்மா காட்டினார். "கிட்னியிலேர்ந்து சிறுநீர் கீழ பைக்கு இறங்கணும். திரும்பி மேல ஏறாம இருக்க வாசல்ல ஒரு வால்வு மாதிரி இருக்கு. இவளுக்கு வலது பக்கம் அது சரியா மூடல. பொறந்ததுலேர்ந்தே அப்படி இருந்திருக்கலாம், அது யார் தப்பும் இல்ல. ஆனா அடக்க அடக்க அழுத்தம் கூடுது, உள்ளயே தேங்கிக் கிருமி வளருது, அந்தக் கிருமியோட மேல ஏறுது."

"வால்வு லீக்கா?" என்றான் என் மகன்.

"கிட்டத்தட்ட."

"மாத்த முடியாதா?"

"நிறைய பிள்ளைங்களுக்கு வளர வளரத் தானே சரியாகும். அதுவரைக்கும் இந்தக் காய்ச்சல் வராம பாத்துக்கணும். ஒவ்வொண்ணும் கிட்னியில ஒரு தழும்பு போடலாம். ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. விழுந்தது போகாது. அடுத்தது விழாம பாத்துக்கறதுதான் நம்ம கையில இருக்கு. கூடிட்டே போனா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்."

மருமகள் கேட்டது ஒன்றுதான். "நான் என்ன செய்யணும்னு வரிசையாச் சொல்லுங்க."

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளை பாத்ரூம் போக வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். நிறையத் தண்ணீர். மலச்சிக்கல் கூடாது. படுக்கும் முன் ஒரு மருந்து, நாள் தவறாமல். போய் முடித்ததும் உடனே எழுந்திருக்காமல் இருபது வரை எண்ணிவிட்டு இன்னொரு முறை முயற்சி செய்ய வேண்டும், உள்ளே மிச்சம் தங்காமல் இருக்க. அந்த எண்ணுவது மட்டும் சில்வண்டுக்குப் பிடித்துப்போனது. எங்கள் வீட்டுப் பாத்ரூமுக்குள்ளிருந்து எந்நேரமும் "பதினேழு, பதினெட்டு" என்று சத்தம் வரும்.

வீட்டில் எல்லாம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் இருக்கிற ஏழு மணி நேரத்தை என்ன செய்வது? மருமகள் தலைமை டீச்சரைப் போய்ப் பார்த்தாள். "எப்ப கேட்டாலும் அனுப்பறோம்மா. ஆனா எங்க அனுப்பறது?" என்றாராம் அவர். கழுவுகிற வேலைக்கு ஆள் கேட்டு அலுத்துவிட்டார். வருகிறவர்கள் அந்த அறைகளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறார்கள். டீச்சர்களுடைய பாத்ரூமுக்கு அனுமதி கொடுத்தார். பிள்ளை போனால் உள்ளே யாராவது இருப்பார்கள். தட்டப் பயந்து திரும்பி வந்து அடக்கிக்கொள்வாள். வகுப்பில் "டீச்சர் பாத்ரூம் மகாராணி" என்று பட்டம் வேறு கட்டினார்கள். நாலாவது நாள் போக மாட்டேன் என்றுவிட்டாள்.

பிறகு நான் போனேன். பத்தரைக்கு ஒருமுறை, பன்னிரண்டரைக்கு ஒருமுறை, இரண்டரைக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்துக்கு நடந்து, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்து, இருபது எண்ண வைத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டேன். பதினாறு நாள். பதினேழாம் நாள் என் முழங்கால் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. நான் படுத்த அந்த வாரத்திலேயே ஆறாவது காய்ச்சல்.

உடனே மருத்துவம் பார்த்தோம். பிறகு எடுத்த படத்தில் புதுத் தழும்பு இல்லை. "இந்தத் தடவை தப்பிச்சுட்டா" என்றார் டாக்டரம்மா. அந்த "இந்தத் தடவை" என்ற வார்த்தை மருமகள் காதில் ஆணியாய் இறங்கியிருக்க வேண்டும். மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அந்த ஸ்கூல் வேலைக்கு நான் போகப் போறேன்."

"எந்த வேலைக்கு?" என்றான் மகன்.

"கழுவுற வேலைக்கு."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "கை பொருத்துறவ கக்கூஸ் கழுவப் போறியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் வந்து ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் கதவைத் திறந்துவிடுவாங்களா? கேட்டுச் சொல்லுங்க. நான் கம்பெனிக்கே போறேன்."

"வேற வழியே இல்லயா?"

"நாலு வழி பாத்தாச்சு. அந்தக் கதவோட சாவி என் கையில இருக்கணும். அவ்வளவுதான்."

நான் மகன் பக்கம் நின்றேன். ஆமாம், நின்றேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. என் பிடிவாதம் இந்தத் தெருவுக்கே தெரியும். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் என் அலமாரியைத் திறந்து, கதவின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, இதை ஏன் இன்னும் அழிக்கல?"

"கை வரல."

"நீங்க இதுல கோடு போட்டீங்க. நான் அங்க போர்டுல பேர் வாங்கினேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவளுக்குக் கத்துக்குடுத்தோம். உங்களைக் குத்தம் சொல்ல வரல. ஆனா இதை ரெண்டு பேரும் சேர்ந்துதான் மாத்தணும்."

நான் எழுந்து ஈரத்துணி கொண்டு வந்தேன். மேல் பாதியை அவள் துடைத்தாள், கீழ் பாதியை நான் துடைத்தேன். அன்று ராத்திரியே மகனிடம், "அவ போகட்டும், நீ வாயை மூடு" என்றேன்.

கம்பெனியை விட்டு வந்த கதையை அவள் பக்கத்து மெஷின்காரி வந்து சொன்னாள். கடைசி நாள் என் மருமகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய் சிவப்பு அட்டையை எடுத்தாளாம். மூன்றாம் முறை சூப்பர்வைசர், "என்ன, போர்டு ராணிக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றிருக்கிறார். "தண்ணி குடிச்சேன் சார், நீங்களும் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வந்து அட்டையை ஆணியில் மாட்டவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்துகொண்டிருந்த பக்கத்து மெஷின்காரி கழுத்திலேயே போட்டு, "நீ போ" என்றாளாம். துரத்திவிடப்பட்டவள் இப்படியா வருவாள்? இதையும் மாடி வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை விடிந்தது. ரப்பர் கையுறை, நீளப் பிடி வைத்த பிரஷ், ஒரு வாளி, பினாயில் பாட்டில் எல்லாம் வாசலில் தயாராக இருந்தன. பள்ளிக்கூடத்துப் பாத்ரூம் சாவி இரண்டையும் தலைமை டீச்சரிடம் முந்தின வாரமே கேட்டு வாங்கி, அளவு நாடா தொங்கிய கழுத்தில் கயிறு கட்டிப் போட்டிருந்தாள். மகன் வந்து வாளிக்குள் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தான். அவள் பிரித்தாள். புதுத் தாழ்ப்பாள், நாலு திருகாணி, ஒரு திருப்புளி.

"ஆறு வயசுப் பிள்ளைக்கு எட்டுற உயரத்துல போடணும்" என்றான். "சாயங்காலம் நான் வந்து போட்டுத் தரட்டுமா?"

"காலையிலயே வேணும். நானே போட்டுக்கறேன். எங்க அளவு எடுக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

சில்வண்டு தன் தண்ணீர் பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டாள். "அம்மா, சாவி எனக்கு மட்டுமா?"

"எல்லாப் பிள்ளைங்களுக்கும்."

"அப்ப எல்லாரும் இருபது எண்ணணுமா?"

"நீ சொல்லிக்குடு."

நான் படிவரை போனேன். மாடி வீட்டுக்காரி கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தாள். வாளியையும் பிரஷையும் பார்த்தாள். "என்னம்மா, இவ்வளவு காலையில எங்க?"

"கக்கூஸ் கழுவ" என்றாள் என் மருமகள், மூன்று மாடிக்கும் கேட்கிற குரலில். வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பிள்ளையை வலது கையில் பிடித்துக்கொண்டு, படியிறங்கினாள். சில்வண்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு எண் சொல்லிக்கொண்டு இறங்கினாள். படி பதினான்கோடு முடிந்துவிட்டது. மிச்சம் ஆறையும் தெருவில் நடந்துகொண்டே எண்ணினாள்.