கொத்தமங்கலம் ஆச்சியின் அரக்குச் சேலையும் காரைக்குடியில் வாங்கிய மானிட்டரும்

தைப் பொங்கல் முடிந்த ஒரு சனிக்கிழமை காரைக்குடிக்குப் போனேன். கல்லூரித் தோழி மேரி அங்கே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள். கொத்தமங்கலத்து ஆச்சி ஒருவர், மூத்த மகள் கல்யாண ஆல்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் கட்டியிருந்த அரக்குப் பட்டு, அச்சில் கருப்பாகிவிட்டதாம். இளைய மகள் கல்யாணமும் வைகாசியில் வருகிறது. அந்த வேலை கைநழுவிவிடுமோ என்று மேரிக்குப் பயம். வீடியோ எடிட்டிங்கில் வண்ணம் திருத்துவது என் தொழில் என்பதால் என்னை அழைத்தாள்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறு மணிப் பேருந்து. மேலூர், திருப்பத்தூர் வழியாகத் தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். எட்டரைக்கு மேரி கடையில் இருந்தேன்.

"என் திரையில நல்லாத்தானடி இருக்கு. ஆச்சி மட்டும் கருப்புங்கிறாக," என்றாள்.

நான் எழுந்து நின்று பார்த்தேன், படம் வெளுத்தது. குனிந்து பார்த்தேன், இருண்டது. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும் பழைய டிஎன் பேனல். போதாததற்குப் பிரைட்னஸை முழுசாக ஏற்றி வைத்திருந்தாள். எல்சிடி பேனல் தானாக ஒளிராது. பின்னால் இருக்கும் பேக்லைட் வெளிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. அது அதிகமானால் படம் பளிச்சென்று தெரியும், மேரி படத்தையே இருட்டாக்கித் திருத்திவிடுவாள். தாளுக்குப் பின்னால் ஏது விளக்கு? பிரைட்னஸைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். திரையிலும் சேலை கருத்தது.

புது மானிட்டர் வாங்கக் கிளம்பினோம். கடைக்காரர் விஏ பேனலைக் காட்டினார். கருப்பு உண்மையிலேயே கருப்பாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் அடர்நிறங்கள் வெளிறின. மேரியிடம் படம் தேர்வு செய்ய வருபவர்கள் ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். அதனால் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் பேனல் என்று முடிவு செய்தேன். முதலில் பிரித்ததில், கருப்புப் படம் போட்டதும் ஒரு மூலையில் பேக்லைட் வெளிச்சம் கசிந்தது. வேறொன்று கேட்டேன்; முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

புதுத் திரையில் படத்தைத் திருத்தி ஒரே ஒரு பக்கம் அச்சடித்துக்கொண்டு, மேரியின் ஸ்கூட்டரில் கொத்தமங்கலம் போனோம். ஆச்சி அந்தச் சேலையை எடுத்து வந்து, முற்றத்து வெயிலில் அந்தப் பக்கத்துக்கு அருகே விரித்தார். தப்பு தன் பக்கம்தான் என்று அவர் கேட்கும் முன்பே மேரி சொல்லிவிட்டாள். ஆச்சி நெடுநேரம் பார்த்தார்.

"கரைப் பச்சை இன்னும் செத்த மங்கலாத்தான் இருக்கு. ஆனா இது என் சேலதான். மத்த பக்கத்தையும் மாத்திக் கொடு. வைகாசிக்கும் நீயே போடு, மேரி."

திரும்பும்போது மேரி வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டினாள்.

மானிட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் ஓடும் பளபளப்பான வீடியோவை நிறுத்தச் சொல்லி, உங்கள் படத்தைப் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்து, நின்று, பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். அச்சு வேலைக்கென்றால் பிரைட்னஸைக் குறைத்துவிட்டுத்தான் நிறத்தைத் தொட வேண்டும். எந்தத் திரையையும் முழுக்க நம்பாமல், ஒரு பக்கத்தை அச்சடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேரி இப்போது அப்படிப் பார்க்காமல் எந்த ஆல்பத்தையும் அனுப்புவதில்லை.