கேஸ் இல்லை, ஓய்

சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே படியிறங்குகிறார் வெங்கடநாராயணன். மூக்குக் கண்ணாடியை மறந்தாலும் மறப்பார், கேஸ் மாத்திரை இல்லாமல் லேக் கார்டன்ஸ் தெருவில் கால் வைக்க மாட்டார். கல்கத்தாவிலேயே பிறந்து, பேங்க் ஆபீசராக ஓய்வு பெற்றவர். எந்த நோய்க்கும் வாயுதான் காரணம் என்பது இந்த ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வைத்தியம். தலைவலியா, கேஸ். முதுகுப் பிடிப்பா, கேஸ். பேப்பர்காரர் கொட்டாவி விட்டால்கூட "கேஸ் ஹொயேச்சே, தாதா", கேஸ் ஆயிடுத்து அண்ணா, என்று வங்காளியில் சொல்லி ஒரு மாத்திரையைத் திணித்துவிடுவார்.

சண்டைக்காரரும்கூட. கரியாஹாட் சந்தையில் கத்திரிக்காய்க்கு அவர் பேரம் பேச ஆரம்பித்தால் பக்கத்துக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர், போன துர்கா பூஜைக்கு முன்னால், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்தார். காபி ஆறிப்போனது தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேட்டால், கேஸ். தன் மாத்திரையைத் தானே வாரக்கணக்கில் விழுங்கினார்.

மனைவி ஜலஜாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வலிக்கறது? தொட்டுக் காட்டுங்கோ, பாப்போம்" என்றார். கை வயிற்றுக்குப் போனது. அங்கே இல்லை. மார்புக்கு வந்தது, நெற்றிவரை ஏறியது, கடைசியில் மடியில் விழுந்தது. "தெரியலைடி. எதுவுமே வேண்டாம்னு இருக்கு" என்று சொல்லி அழுதுவிட்டார். மறுநாளே மனநல மருத்துவரிடம் போனார்கள்.

மருந்தும் பேச்சுமாக ஆள் தேறிவிட்டார். கத்திரிக்காய்க்காரருக்குப் பழைய தொல்லை திரும்பிவிட்டது. வெட்கமெல்லாம் கிடையாது. "டிப்ரெஷன் ஓய், எனக்கே வந்தது! ரெண்டு வாரமாகியும் மனசு தெளியலேன்னா டாக்டர்கிட்ட ஓடணும்" என்று மினிபஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்.

இன்று அவர் போவது ராஜாராமன் வீட்டுக்கு. தினமும் ஏரியைச் சுற்றித் தன்னோடு நடந்த சிநேகிதரை ஒரு மாதமாகக் காணவில்லை. போனையும் எடுக்கவில்லை. கதவைத் திறந்த ராஜாராமனின் முகத்தில் பல நாள் தாடி.

"ஒண்ணுமில்ல ஓய், கேஸ்தான். தூக்கம் இல்ல. யாரையும் பாக்கப் பிடிக்கலை. ஒரு மாத்திரை கொடும், போறும்."

வெங்கடநாராயணனின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய்விட்டது. வெறுங்கையாகவே வெளியே எடுத்தார்.

"எங்க வலிக்கறது? தொட்டுக் காட்டும்."

ராஜாராமனின் கை வயிற்றைத் தொட்டது. பிறகு மார்பை. அதற்கு மேல் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

"கேஸ் இல்லை, ஓய். சட்டையை மாத்திண்டு வாரும். என் டாக்டர்கிட்ட போவோம், நானும் வரேன்."

தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி, வாடகைக்கு ஒரு சின்னச் சண்டையும் போட்டார். முதலில் தான் ஏறி, உள்ளே நகர்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டினார்.