இடக்கையால் எழுதிய முகவரி

முத்துவடிவு டீச்சர் வீட்டைவிட்டு வெளியே கிளம்பும்போது, பீரோக் கதவின் இடுக்கில் தன் தலைமுடி ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அது இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தாலும் நிம்மதி கிடையாது. திறந்துவிட்டு வேறொரு முடியை ஒட்டியிருந்தால்? அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். இன்னொருவர் அவள் கணவர் தில்லைநாயகம், தென்காசி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவர் தலையில் மொத்தமே முப்பது முடி, அதுவும் நரைத்தது. இரண்டு அடி நீளக் கருமுடிக்கு மனுஷன் எங்கே போவார்? ஆனாலும் அவள் யோசிப்பாள்.

பால்காரர் பால் கறக்கும் முன் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். காட்டிய பிறகு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள்தான் பாட்டு டீச்சர். அங்கே சுருதிப் பெட்டிக்கும் பூட்டு உண்டு. திங்கட்கிழமை காலையில் அதைத் திறந்து ஒரு மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு, "யாரோ தொட்டிருக்கா. அரை இழை எறங்கியிருக்கு" என்பாள். அப்போது பக்கத்து அறைத் தையல் டீச்சர் ஹாஜரா பீவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருப்பாள், இந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள்.

பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. எழுபதாம் வருடம் மதுரையில் விடுதியில் தங்கி இசையில் பி.ஏ. முடித்தவள், எம்.ஏ. சேரப் பட்டணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்கும் போய்ப் பாடிவிட்டு வந்தாள். பதில் வரவில்லை. ஒரு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அப்பா, "வரலைன்னா எடம் இல்லைன்னுதாம்மா அர்த்தம். விடு தாயி" என்றார். விட்டுவிட்டாள். ஆவணியில் கல்யாணம் ஆயிற்று.

ஒன்பது வருடம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, ஜாதகக் கட்டுக்கு அடியில் ஒரு கவர் கிடைத்தது. முகவரி அவள் கையெழுத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் விண்ணப்பத்தோடு, தபால்தலை ஒட்டி, நம் முகவரியை நாமே எழுதி ஒரு கவரையும் வைத்து அனுப்ப வேண்டும். அதில்தான் முடிவை அனுப்புவார்கள். அவள் அனுப்பிய கவர் அது. ஓரத்தை பிளேடால் நூல் பிடித்தது போலக் கீறியிருந்தார் அப்பா. உள்ளே ஒரே ஒரு தாள். அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஜூலை பத்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

சண்டை போட ஆள் இல்லை. அஸ்தியைக் கரைத்தாயிற்று. கவரைப் புடவை மடிப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு ஒவ்வொன்றாகத் தோன்ற ஆரம்பித்தது. தபால்காரர் சுடலையாண்டி கடிதத்தை அப்பா கையில் கொடுத்தாரா, அப்பாவே வழிமறித்து வாங்கினாரா? கல்யாணத்தை ஏன் அத்தனை அவசரமாக வைத்தார்கள்? மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியுமோ? இவருக்கும் தெரியுமோ? ஒட்டுவதற்கு முதல் முடியை அவள் தலையிலிருந்து பிடுங்கியது அன்றைக்குத்தான்.

எண்பத்திரண்டு சித்திரையில், முப்பத்திரண்டாம் வயதில், அவள் மறுபடியும் எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டாள். இந்த முறை ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. வீட்டு முகவரி கொடுத்தால் கணவர் கையில் சிக்கும், பள்ளிக்கூட முகவரி கொடுத்தால் ஹாஜரா பீவி கையில் சிக்கும். ஆகவே, 'கேர் ஆஃப் போஸ்ட்மாஸ்டர், குற்றாலம்' என்று எழுதினாள். சீசனுக்கு வந்து தங்குகிறவர்களுக்கு வருகிற கடிதமெல்லாம் அப்படித்தான் அங்கே வரும். அவரவர் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. தபால் தென்காசியைத் தாண்டித்தானே குற்றாலம் போக வேண்டும்? சுடலையாண்டிக்கு அவள் எழுத்து நன்றாகத் தெரியும். கணவரும் சுடலையாண்டியும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். கடைசியில் கவர் முகவரியை அவள் இடக்கையால் எழுதினாள். ஆறு கவர் பாழாகி ஏழாவதில்தான் அது எழுத்தாகத் தெரிந்தது. நண்டு மையில் விழுந்து எழுந்து ஓடின மாதிரி இருந்தாலும், தான் எழுதியது என்று தன்னாலேயே சொல்ல முடியாது என்பதில் அவளுக்கு ஏகத் திருப்தி.

விண்ணப்பத் தாளிலேயே தேதி போட்டிருந்தபடி, வைகாசியில் நேர்முகத்துக்குப் பட்டணம் போனாள். வீட்டில், பரீட்சைப் பேப்பர் திருத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னாள். ரயில் ராஜபாளையம் தாண்டியதும் பையைத் திறந்தால், தான் வைக்காத ஒரு பொட்டலம்! பனங்கற்கண்டும் மிளகும் இருந்தன. தொண்டைக்கு இதம்தான். ஆனால் யார் வைத்தது? எதற்கு வைத்தது? முகர்ந்து பார்த்தாள், ஒரு கல்லை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள், அப்புறம் பொட்டலத்தை அப்படியே ஜன்னல் வழியாக எறிந்துவிட்டாள். அதைத் தின்ற வெள்ளாடு ஒன்று அதற்கப்புறம் சுத்தமாக மேல் ஸ்தாயியில்தான் கத்தியது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

பட்டணத்தில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். பேகடா ராகம் பாடினாள். ஒருவர் வயதைக் கேட்டார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாமவர் ஒன்றுமே செய்யவில்லை. அவர் மேல்தான் அவளுக்கு அதிக சந்தேகம்.

ஆனியில் சாரல் பிடித்தது. குளிக்கப் போவதாகச் சொல்லிக் குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். போஸ்ட்மாஸ்டர் முகம்மது மீரான் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"முத்துவடிவு பேருக்கு ஒண்ணு வந்து கெடக்கு. நீங்கதான் முத்துவடிவுன்னு நான் எப்படிம்மா நம்புதது?"

"நான்தான் சொல்லுதேனே!"

"போன சீசன்ல ஒருத்தர் நான்தான் கோயம்புத்தூர் ராமசாமின்னு சொன்னாரு. கொடுத்தேன். மறுநாள் நிசமான ராமசாமி வந்து நிக்காரு. மேலேந்து மெமோ வந்திச்சு. அன்னையிலேந்து எங்க வாப்பாவே வந்து கேட்டாலும் ரேஷன் கார்டு வேணும். ரெண்டு வாரம் வச்சிருப்பேன், அதுக்கு மேல வந்த வழியே திருப்பிருவேன்."

தன்னைவிடச் சந்தேகப் பிராணி ஒருவரை அவள் பார்த்தது அதுவே முதல் தடவை. ரேஷன் கார்டு கணவருடைய மேஜைக்குள், அவர் சாவியில் இருந்தது. தலைமையாசிரியையிடம் சான்று கேட்டால் சாயங்காலத்துக்குள் தென்காசி முழுக்கத் தெரிந்துவிடும். மூன்று தடவை போய்க் கெஞ்சினாள். மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பினாள். குளித்ததற்கு அடையாளமாகக் குழாயடியில் துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வருவாள்.

"என்ன டீச்சர், குற்றாலம் போனேன்னு சொல்லுதீங்க, துண்டு நனைஞ்சிருக்கு, தலை காஞ்சி கெடக்கு?" என்றாள் ஹாஜரா பீவி.

"காத்துல காஞ்சிருச்சு."

"அப்ப துண்டு காயலியாக்கும்?"

பதினான்காம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். பிசுபிசுவென்று சாரல். அன்றைய ஈரத்தில் தபால்தலைகளை நாக்கில் வைக்காமலே ஜனங்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தபாலாபீசுக்குள் தலைதுவட்டிய சீசன்காரர்கள் இருபது பேர் நின்றார்கள். ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

"இன்னைக்குக் கடேசி நாளு, சார்."

"எனக்கும் தெரியும்மா. சரி, ஒண்ணு செய்வோம்." மீரான் அந்தக் கவரைக் கையில் மறைத்துப் பிடித்துக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். "கவர்ல உள்ள முகவரியை இதுல எழுதுங்க. ஒரே கையெழுத்தா இருந்தா உங்களதுதான்."

அவள் தாளை வாங்கினாள். பழக்கத்தில் வலக்கையால் முத்து முத்தாக எழுதினாள். மீரான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இருங்க, அது இந்தக் கையி!" என்று பேனாவை இடக்கைக்கு மாற்றினாள்.

"நில்லுங்கம்மா. ஒரு ஆளுக்கு ரெண்டு கையெழுத்தா? முப்பது வருச சர்வீசுல நான் இப்படிப் பாத்ததில்லை."

பின்னாலிருந்து ஒருவர், "நீங்க மூணாவது கையைக் காட்டச் சொல்லுங்க சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குரங்குகூடச் சிரித்தது போல அவளுக்குப் பட்டது.

மீரான் கவரைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ரப்பர் முத்திரையில் இசைத்துறை என்று இருந்தது. "பாட்டுப் படிக்கிற எடத்துலேந்துல்லா வந்திருக்கு. பாட்டு டீச்சர்னு சொல்லுதீங்க. எங்க, கொஞ்சம் பாடுங்க பாப்போம்."

ஓசியில் பாட்டுக் கேட்கப் பார்க்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் மேஜை மேல் திருப்பி அனுப்பும் கட்டும் சணலும் தயாராக இருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதே பேகடாவைத் தொடங்கினாள். பட்டணத்தில் மூன்று பேர் முன்னால் நடுங்கிய குரல், இங்கே ஈரத் துண்டுகளின் நடுவில் நிமிர்ந்து நின்றது. முத்திரை குத்துகிறவர் தூக்கிய கை தூக்கியபடியே நின்றார். பேரருவியே ஒரு நிமிஷம் விழாமல் நின்று கேட்டது என்று பிற்பாடு ஊரில் பேச்சு. அது சுத்தப் பொய். சாரல் மட்டும் கொஞ்சம் நின்றது.

முடித்தபோது மீரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாஷா அல்லா. ஆனா ஒண்ணு. பாடத் தெரிஞ்சவங்க எல்லாரும் முத்துவடிவா?"

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குடை மடங்கியது.

"அவ முத்துவடிவுதான். நான் சாட்சி."

தில்லைநாயகம் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மீரான் முன்னால் வைத்தார். பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்பினால், பல்கலைக்கழகத்தார் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டு, அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பி வருமே, அந்த ஒப்புகை அட்டை. ஆறு கவரைப் பாழாக்கி யோசித்தவள், அந்த அட்டையில் மட்டும் பழக்க தோஷத்தில் வலக்கையால் தென்காசி வீட்டு முகவரியை எழுதியிருந்தாள். அந்தப் பக்கம் அவள் பெயர், இந்தப் பக்கம் அதே இசைத்துறை முத்திரை. மீரான் அட்டையையும் அவள் வலக்கையால் எழுதிய தாளையும் ஒப்பிட்டார்.

"தாலுகா ஆபீஸ் அண்ணாச்சியா! நீங்க மொதல்லயே வந்திருக்கக் கூடாதா?" என்று கவரை எடுத்து நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை. கணவரை முறைத்தாள். "இது எப்ப வந்திச்சு?"

"சித்திரைக் கடைசியில. ரெண்டு மாசமா பையில வச்சிருக்கேன்."

"ரெண்டு மாசமா? அப்ப ஏன் சொல்லலை?"

"நீ ஏன் சொல்லலை?"

"பேப்பர் திருத்தப் போறேன்னு சொன்னப்ப…"

"பாட்டுக்கு என்னட்டி பேப்பரு? அதான் பையில பனங்கற்கண்டு வச்சேன். தொண்டைக்கு ஆச்சா?"

"ராஜபாளையத்துல தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள் மெதுவாக.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "உங்க அப்பா பெட்டியை ஒழிச்ச அன்னைக்கு நீ ஒரு கவரை வச்சுக்கிட்டு உக்காந்திருந்ததைப் பாத்தேன். என்னன்னு நீ காட்டலை. நானா அதை எடுத்துப் பாக்கலை. அன்னையிலேந்து நீ பீரோவுல முடி ஒட்டுதே. எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாதுட்டி. இப்பவும் நீ சொன்னாத்தான் தெரியும்."

பின்னால் நின்றவர், "கவரை வாங்கிக்கிட்டுப் பேசுங்க, நாங்க எல்லாம் நிக்கோம்" என்றார்.

வாங்கினாள். ஒட்டிய இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் தானே பிரித்தாள். நான்கு வரிதான். இந்த ஆண்டு இடமளிக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்கள்.

தபாலாபீஸ் முழுக்க அவள் முகத்தையே பார்த்தது. மீரான் எழுந்தே நின்றுவிட்டார்.

"எடம் இல்லையாம்" என்றாள். மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவையில் வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. "அன்னைக்கு எடம் இருந்திச்சு, கடுதாசி வரலை. இன்னைக்கு எடம் இல்லை, கடுதாசி வந்திருக்கு. யாரும் பிரிக்கலை, பாருங்க. நான்தான் பிரிச்சேன்." அங்கேயே நின்று, அப்பாவின் டிரங்குப் பெட்டிக் கதையை முதல் தடவையாகக் கணவரிடம் சொன்னாள். இருபது பேரும் கேட்டார்கள். முத்திரை குத்துகிறவரின் கை அப்போதும் இறங்கவில்லை.

"அடுத்த வருசம் வலது கையால எழுது. வீட்டு முகவரியே போடு" என்றார் தில்லைநாயகம். "மூணு தடவையும் காஞ்ச தலையோட வந்தே, அதான் இன்னைக்குப் பின்னாலயே வந்தேன். இப்ப வா, இன்னைக்காவது தலையை நனைப்போம்."

மறுநாள் ஹாஜரா பீவி அவளைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தான் டீச்சர் நீங்க குற்றாலம் போன மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்த வருடமும் விண்ணப்பம் போட்டாள், அதே பேகடாவைப் பாடினாள். பதில் வீட்டுக்கே வந்தது. சுடலையாண்டி கவரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு வந்தார். பசையை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தாள். இடம் கிடைத்திருந்தது. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முப்பத்துமூன்று வயதில், பட்டணத்து விடுதியில் இருபது வயதுப் பிள்ளைகளோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.

முதல் கடிதம் எழுதும்போது, கணவர் கைக்குப் போகும் முன் வேறு யாரும் பிரித்தால் தெரிய வேண்டுமே என்று மடிப்புக்குள் ஒரு முடியை ஒட்டி அனுப்பினாள். எட்டாம் நாள் பதில் வந்தது. பிரித்ததும் அவள் மடியில் இரண்டு அடி நீளக் கருமுடி ஒன்று விழுந்தது. பக்கத்திலேயே விரற்கடை நீளத்தில் ஒரு நரைமுடியும் விழுந்தது.

'உன்னுடையது பத்திரமாக வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூட இருப்பது என்னுடையது. இங்கே பாக்கி இருபத்தொன்பது. எண்ணிப் பார்க்க வேண்டுமானால் பூஜை லீவுக்கு வரவும்' என்று எழுதியிருந்தார்.